பீன்யாவில் நின்ற ரோமானியச் சிப்பாய்கள்

1. கண்ணாடி அறை

நான் இன்ஸ்பெக்டரான முதல் நாள் மத்தியானம், பன்னிரண்டு வருஷமாக என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். காலையில் நான்கு பிராக்கெட்டுகளை ரிஜெக்ட் செய்திருந்தேன். துளை கால் மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. போன வாரம் வரை நானும் அதே பெஞ்சில் நின்று துளை போட்டவன்தான், என் துளையும் சில சமயம் தள்ளிப்போனதுண்டு. அதை அவர்களில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். நான் காது கேட்காதவன் மாதிரி வெர்னியர் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில், பீன்யாவில் சின்ன ஷீட் மெட்டல் கம்பெனி அது. மெஷின்களுக்கு மூடி, பேனல் பாக்ஸ், பிராக்கெட் செய்வோம். முப்பது பேருக்கு மேல் இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் முதலாளி சேஷாத்ரி சார் "குவாலிட்டி" என்று பேச ஆரம்பித்தார். ஷெட்டின் ஒரு மூலையில் கண்ணாடி அறை கட்டி, ஒரு மேஜையும் அளவு சரிபார்க்கும் கேஜ்களும் வைத்து, பெஞ்சில் இருந்த என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். வீட்டில் பிரமோஷன் என்று சந்தோஷப்பட்டார்கள். வீடு ஜோலார்பேட்டையில். மனைவிக்கு அங்கே ஸ்கூலில் வேலை, இரண்டு பெண்களுக்கும் அங்கேதான் படிப்பு. சனிக்கிழமை ரயிலேறிப் போய் திங்கட்கிழமை காலை திரும்பி வருவேன். மற்ற நாட்களில் பீன்யாவில் ஒரு ரூம், ஒரு மெஸ். ஆகவே பகலில் தனியாக, சாயங்காலம் தனியாக என்று ஆகிப்போனது. குணமும் கொஞ்சம் கெட்டது. மெஸ்காரரின் இட்லி எல்லாம் ஒரே சைஸில் இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

தேவராஜ் மட்டும் மாறவில்லை. அவன் ஆஸ்டின் டவுன் ஆள், எங்கள் ஷாப்பிலேயே கைத்திறமை அதிகம் உள்ள ஃபிட்டர். தட்டையான தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டியே கிண்ணமாக்கிவிடுவான். தமிழ், கன்னடம், உருது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவான். நான் இன்ஸ்பெக்டரான இரண்டாம் நாளே டிபன் பாக்ஸோடு கண்ணாடி அறைக்கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்னாண்ணா, தனியா துன்னா எப்புடி உள்ள போவும்? ஸ்வல்ப நகருங்க" என்றான்.

அன்று காலை ரிஜெக்ட் ஆனதில் அவனுடைய பீஸும் ஒன்று இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷம் தினமும் அந்த மேஜையில்தான் இருவரும் சாப்பிட்டோம். என் மெஸ் சாம்பாரை ஓரமாகத் தள்ளிவிட்டு அவன் வீட்டுக் குழம்பை எனக்கு ஊற்றுவான். பெங்களூரில் எனக்கு இருந்த ஒரே மனிதன் அவன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அவனிடம் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

2. எண்பது பேர்

ஒரு வருஷம் மெஷின் ஆர்டர்கள் சுத்தமாகப் படுத்துவிட்டன. பாதி நாள் ஷாப்பைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சேஷாத்ரி சார் ஒரு ஏஜென்ட் மூலமாக அந்த விநோத ஆர்டரைப் பிடித்து வந்தார். அமெரிக்காவில் பைபிள் காலத்தைக் காட்சியாக வைக்கும் ஓர் இடம். முதல் நூற்றாண்டில் யூதேயாவில் நிறுத்தப்பட்டிருந்த ரோமானியப் படையை அவர்கள் ஆள் உயர பொம்மைகளாக வைக்கப்போகிறார்கள். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, மழுங்கிய வாள், குத்துவாள் எல்லாம் எண்பது செட் வேண்டும். இரும்பு வளையம் கோத்த அங்கி மட்டும் வடக்கே வேறு ஓர் இடத்திலிருந்து வரும்.

எண்பது ஏன் என்றால், அவர்களுடைய ஒரு பிரிவுக்குப் பெயர் நூற்றுவர், ஆள் மட்டும் எண்பது. எங்கள் ஸ்டோர்ஸ் கணக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

டிராயிங்குகளோடு முப்பது பக்கத்துக்கு டைப் அடித்த ஒரு புத்தகமும் வந்தது. சேஷாத்ரி சார் அதை என்னிடம் தூக்கிப் போட்டார். அவர் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் தமிழ் என்றாலும் சாருக்குப் பேச்சில் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வரும். "செக் பண்ணப் போறவன் நீ, நீயே ஓது" என்றார். கன்னடத்தில் ஓது என்றால் படி.

தினமும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு டிக்ஷனரியோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பேன். சினிமாவில் பார்த்த மாதிரி சிவப்புத் துணி போட்ட ரோமாபுரிக்காரர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். புத்தகம் வேறு சொன்னது. யூதர்கள் ரோமை எதிர்த்த பெரிய போர் வெடிப்பதற்கு முன் அந்த மாகாணத்தில் இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் ரோமையே பார்த்திராதவர்கள். பக்கத்து ஊர்களான செசரியாவிலும் செபஸ்தேயிலும் ஆள் எடுத்தார்கள். நிஜமான ரோமானியப் பெரும்படைகளான லெஜியன்கள் வடக்கே சிரியாவில் இருந்தன. ஆளுநர் கடற்கரையில் செசரியாவில் இருப்பார். எருசலேமில் கோயிலை ஒட்டின கோட்டையில் ஒரு பிரிவு நிற்கும். திருவிழா வந்தால் கூட்டத்தை அடக்க இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சிப்பாய்கள் கோயில் மண்டபத்தின் கூரைமேல் வரிசையாக நின்று கீழே கும்பிட வந்தவர்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கீழே இருப்பவர்கள் பேசுவது இவர்களுக்குப் புரியும். சந்தையில் பேசுகிற பாஷை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு இவர்கள் ரோமின் ஆட்கள், ரோமுக்கு இவர்கள் உள்ளூர்க் கூலிகள். இருபத்தைந்து வருஷம் சேவை. அதுவரை சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. ஆளுநர்கள் வருவார்கள் போவார்கள், இவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள்.

அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். கூரைமேல் நிற்கிறவனை எனக்கு நன்றாகத் தெரிந்தது. கீழே இருந்து எடுத்து மேலே நிறுத்திய ஆள் அவன். மறுநாள் சாப்பிடும்போது தேவராஜிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். "அப்போ நீங்க ரோமன் சிப்பாய், நாங்கள்லாம் கோயிலுக்கு வந்த ஜனமா?" என்று கேட்டுவிட்டு, புரையேறும் வரை சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

3. காகிதத்தின் மூலை

தலைக்கவசங்கள் அழகாக வந்தன. கடைசியாக இடுப்புப் பட்டை. தோல் பட்டையின்மேல் பித்தளைத் தகடுகளை வரிசையாக வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் வாள் மாட்டும் பெரிய கொக்கிகள், மறுபக்கம் குத்துவாளுக்குச் சின்னக் கொக்கிகள். முன்பக்கப் படத்தில் இரண்டும் துருத்திக்கொண்டு ஒரே மாதிரிதான் தெரியும். எது எந்தப் பக்கம் என்பதைப் பக்கவாட்டுப் படம்தான் சொல்லும்.

இங்கேதான் வில்லங்கம். ஒரு பொருளின் பக்கவாட்டுத் தோற்றத்தைக் காகிதத்தில் எங்கே வரைவது என்பதில் இரண்டு முறை உண்டு. நம் ஊரில், இடப்பக்கம் நின்று பார்த்தால் தெரிவதை முன்பக்கப் படத்துக்கு வலது பக்கம் வரைவோம். இதற்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று பெயர். அமெரிக்காவில் இடப்பக்கம் நின்று பார்த்ததை இடப்பக்கமே வரைவார்கள். அது தேர்டு ஆங்கிள். எந்த முறை என்று சொல்ல, காகிதத்தின் கீழ் மூலையில் நுனி வெட்டிய கூம்பை ஒரு சின்னக் குறியாகப் போட்டிருப்பார்கள். ஐ.டி.ஐ.யில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. வருஷக்கணக்காக ஒரே முறையில் வேலை பார்த்த என் கண் அந்த மூலைக்குப் போகவே இல்லை. பழக்கப்படி படித்தேன். வாள் இடுப்பின் இடப்பக்கம் என்று வந்தது. வலக்கைக்காரன் இடப்பக்கத்திலிருந்துதானே வாளை உருவுவான்? சந்தேகமே வரவில்லை.

பட்டைகளை அடிக்க ஜிக் வேண்டும். எண்பதிலும் துளையும் கொக்கியும் ஒரே இடத்தில் விழுவதற்கான தாங்கி அது. அதைத் தேவராஜ்தான் செய்ய வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு டிராயிங்கை எடுத்தவன், அதை என் பக்கம் திருப்பி வைத்தான்.

"அண்ணா, மூலையில குறி பாருங்க. இது தேர்டு ஆங்கிள். அப்புடின்னா வாள் சோத்துக்கை பக்கம் வரணும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் பார்க்காததை ஃபிட்டர் பார்த்துவிட்டான். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என் இடுப்பின் இடப்பக்கம் செருகி, வலக்கையால் உருவிக் காட்டினேன். சோத்துக்கைப் பக்கம் மாட்டினால் எப்படி உருவுவான் என்று கேட்டேன். அவன் அதே ஸ்கேலை வாங்கித் தன் வலப்பக்கம் செருகி, மணிக்கட்டைத் திருப்பி ஒரே இழுப்பில் எடுத்தான்.

"வருதேண்ணா. சின்ன வாள்தானே."

அந்த இடத்தில் நான் மூலையைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. "செக் பண்றதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க. நீ அடிக்கிறதைப் பாரு" என்றேன்.

அவன் ஸ்கேலை மேஜைமேல் நேராக வைத்துவிட்டுப் போனான். நான் சொன்னபடியே ஜிக் செய்து முதல் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அளந்தேன். ஒவ்வொரு அளவும் துல்லியமாக இருந்தது. ஃபர்ஸ்ட் பீஸ் கார்டில் "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கார்டில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து விழாமல் இரண்டாவது பீஸ் அடிக்கக் கூடாது என்பது விதி. விழுந்துவிட்டால் எண்பதும் அதே மாதிரி வரும்.

4. வாங்க வந்தவர்

சரக்கு கிளம்புவதற்கு முன் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை. எண்பது செட்டையும் மர ஸ்டாண்டுகளில் மாட்டி, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எட்டு வரிசையாக நிறுத்தியிருந்தோம். பார்க்க நிஜமாகவே ஒரு படை மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓர் ஆள் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் அந்த அம்மா. உயரமானவன் தேவராஜ் என்று அவனுக்கு மாட்டினார்கள். இடது கையில் பிடிக்க ஒரு பெரிய அட்டையைக் கேடயமாகக் கொடுத்தார். வாளை உருவச் சொன்னார். அவன் கை கேடயத்தில் இடித்தது. மறுபடியும் உருவினான், மறுபடியும் இடித்தது.

அந்த அம்மா கோபப்படவில்லை. பையிலிருந்து சிப்பாய்களின் கல்லறைக் கல் சிற்பங்களின் போட்டோக்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். எல்லாருக்கும் வாள் வலப்பக்கம். பிறகு அவர் சொன்னதை சேஷாத்ரி சார் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"இடப்பக்கம் வாள் கட்டறவன் அந்த எண்பது பேருக்கும் தலைவனாம். நாம எண்பதும் தலைவனாவே செஞ்சு வெச்சிருக்கோமாம். காவல் நிக்க யாருன்னு கேக்கறாங்க."

ஷாப்பில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கவசத்துக்குள் நின்ற தேவராஜ் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ பட்டையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார்கள். அப்படிக் கட்டினால் கொக்கி வானத்தைப் பார்க்கும். எண்பதையும் பிரித்துப் புதுத் தகடு போட்டு அடிப்பதைத் தவிர வழியில்லை. பத்து நாள் டைம் கொடுத்துவிட்டு அந்த அம்மா கிளம்பினார்.

5. கேபின்

அன்று சாயங்காலம் சேஷாத்ரி சார் எங்கள் இருவரையும் கேபினுக்குக் கூப்பிட்டார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தால் ஷாப்பையே மூடவேண்டி வந்திருக்கும், இதற்கு யாராவது ஒருவர் போயாக வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஜிக் யார் பண்ணது?" என்று கேட்டார்.

கேள்வி அவ்வளவுதான். பதிலும் ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் அது பொய் என்று எனக்குத் தெரியும். என் இரண்டு பெண்களின் ஃபீஸ் ஞாபகம் வந்தது, ஊரில் என்ன சொல்வது என்று வந்தது. இதையெல்லாம் சமாதானமாக எழுதவில்லை. அப்போது மனதில் ஓடியது அதுதான்.

"தேவராஜ் சார்" என்றேன்.

அவர் அவன் பக்கம் திரும்பினார். அவன் என்னைப் பார்த்தான். "ஆமா சார், நான் பண்ணதுதான்" என்றான். நான் சொல்லித்தான் செய்தேன் என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றும் நினைத்தேன். அவன் சொல்லவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சார் சொன்னார்.

நான் கண்ணாடி அறைக்குப் போய் கேஜ்களைத் துடைக்க ஆரம்பித்தேன். தேவராஜ் தன் சொந்தச் சுத்தியல்களை ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி, யார்டைத் தாண்டி, கேட்டுக்கு நடந்து போவது கண்ணாடி வழியே தெரிந்தது. அவன் தலை மறைந்த பிறகு ஃபைலைத் திறந்து ஃபர்ஸ்ட் பீஸ் கார்டைத் தேடினேன். அது அங்கே இல்லை. யார் கையில் இருக்கிறதோ என்ற பயத்திலேயே பல வாரம் இருந்தேன். யாரும் கேட்கவில்லை, பயம் விட்டுப்போனது.

புதுப் பட்டைகள் தயாராகிவிட்டன. லாரி வர இரண்டு நாள் தாமதமானது. அந்த இரண்டு நாளும் மத்தியானம் கண்ணாடி அறையில் உட்கார முடியாமல், மெஸ் பார்சலை எடுத்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குப் போய் அந்த எண்பது சிப்பாய்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டுச் சாப்பிட்டேன். தலைக்கவசத்துக்குள் முகம் கிடையாது. யாரும் எழுந்து வேறு இடத்துக்குப் போகவும் இல்லை. அந்த இரண்டு நாள் அழுகையை அடக்கிக்கொண்டு சாப்பிட்டதைப் போல அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை.

ஷாப்பில் யாருக்கும் நடந்தது தெரியாது. ஆனாலும் எல்லோரும் ஏதோ ஊகித்தார்கள். அதற்குப் பிறகு என்னோடு வேலை விஷயம் தவிர யாரும் பேசவில்லை. நான் கறாரான இன்ஸ்பெக்டர் என்று பீன்யாவில் பெயர் வாங்கினேன். கறாராக இருப்பது சுலபம். முகம் பார்க்க வேண்டிய ஆள் யாரும் இல்லையே.

6. ஒன்பது வருஷம் கழித்து

ரிடையர் ஆன அன்று சால்வை போட்டு, போட்டோ எடுத்து, எல்லோரும் கலைந்த பிறகு சேஷாத்ரி சார் என்னைக் கேபினில் உட்காரவைத்து காபி வரவழைத்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார். டிராயரைத் திறந்து ஒரு பழுப்பேறிய கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஓகே" என்ற எழுத்தும் என் கையெழுத்தும்.

"அன்னிக்கு உங்கிட்ட கேக்கறப்பவே இது என் டிராயர்லதான் இருந்தது, வேலாயுதம். நீ என்ன சொல்றேன்னு பாக்கணும்னு இருந்தது. நீ அவன் பேரைச் சொன்னே. இவனை இனிமே ஷாப்புல ஒருத்தனும் பக்கத்துல சேக்க மாட்டான்னு தெரிஞ்சுடுத்து. இன்ஸ்பெக்டருக்கு அதைவிட வேற என்ன வேணும்? ஒன்பது வருஷம் ஒரு பீஸ்ல கூட நீ யாருக்கும் தயவு பார்க்கலை."

பாராட்டாகத்தான் சொன்னார். கார்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். நான் காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வந்தேன். வெளியே வந்ததும் அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான், பதில் என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். தேவராஜ் சொந்தமாகக் கிரில் கேட் செய்யும் கடை வைத்திருந்தான். விசாரித்த முதல் ஆளே வழி காட்டிவிட்டார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்கண்ணா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான்.

கார்டை அவன் கையில் கொடுத்தேன். அன்று நான் சொல்லாததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தான். நீயாவது அன்று கேபினில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் சொன்னா போட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்ணா. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். உள்ள சொல்லாட்டியும் பின்னாடி ஓடியாந்து கூப்புடுவீங்கன்னு, கேட்டு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்."

டீ வந்தது. குடித்தோம். வாடிக்கையாளர் யாரோ வந்ததும் அவன் எழுந்து போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

இன்ஸ்பெக்ஷன் வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், டிராயிங்கின் கீழ் மூலையை முதலில் பாருங்கள் என்று சொல்வேன். அதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, பத்து நாளில் எண்பது பட்டைகளையும் பிரித்து அடித்துவிட முடிந்தது. எங்கள் கம்பெனியில் ஷெட்டிலிருந்து கேட்டுக்கு நடக்க மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷமும் நான் கேஜ் துடைத்துக்கொண்டிருந்தேன்.